சி-17 என்று சொன்ன வாய்

பர்சேஸ் மேடம் போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"கண்காட்சிக்கு வரேன் சார். இந்த வருஷம் உங்க ஸ்டால் நம்பர் என்ன?"

ஒன்பது வருடமாக அவர் கேட்கும் கேள்வி அது. ஒன்பது வருடமாக வைஸும் நம்பரைச் சொல்லிவந்தார். இந்த வருடம் சொல்வதற்கு நம்பர் கிடையாது. வியாபார மந்தத்தில் ஸ்டால் எடுக்கவில்லை. "இந்த வருஷம் இல்ல மேடம்" என்று சொல்வதற்கு அரை மூச்சு போதும். அந்த அரை மூச்சுக்குள் வாய் முந்திக்கொண்டது.

"சி-பதினேழு மேடம்."

"சரி. எங்க பிஸ்கட் ஃபேக்டரியில புது லைன் போடறோம். நாலு மெஷின் வேணும். உங்க மெஷின் ஓடறதைப் பார்த்துட்டு அங்கேயே முடிவு பண்ணிடலாம். ரெண்டாம் நாள், மூணு மணி."

போனை வைத்த பிறகு, பொய் சொன்னது அதுதான் என்பதுபோல வைஸ் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

வைஸ் என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. எட்டு வருடங்களுக்கு முன்பு பேக்கிங் இயந்திரத் தயாரிப்பாளர் சங்கத்தில் அவர் பதினோரு மாதம் வைஸ் பிரசிடென்ட்டாக இருந்தார். அந்தப் பதினோரு மாதத்தில் தலைவருக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. அன்றைய கூட்டத்துக்கு இவர் தலைமை தாங்கினார். அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது என்பதுதான் விவாதத்துக்கு வந்த ஒரே பொருள். அதையும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். பதவி போனது. பெயர் மட்டும் போகவில்லை. மனைவியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் வைஸ் சார். மனைவிக்கும் கோபம் வந்தால் வைஸ் சார்தான்.

அவர் பட்டறையில் செய்வது அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் மெஷின். ஒரு பக்கம் திறந்த பெட்டியாக உள்ளே போனது, மறுபக்கம் மேலும் கீழும் டேப் ஒட்டி வாய் மூடிக்கொண்டு வெளியே வரும். பதினோரு பேர் வேலை பார்த்த பட்டறையில் இப்போது ஒன்பது பேர். மற்ற இரண்டு பேரிடம் "சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லியிருந்தது. இந்த நாலு மெஷின் ஆர்டர் வந்தால் சொல்லி அனுப்பலாம். வராவிட்டால் இன்னும் நாலு பேரிடம் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டறையைக் கவனித்துக்கொள்வது மனைவியின் தம்பி. மெஷினோடு பேசுவதுபோலவே மனிதர்களோடும் பேசுவான். எங்கே இடிக்கிறதோ அங்கே தட்டிப் பார்ப்பான்.

"சி-பதினேழு டேப்காரர் ஸ்டாலாச்சே, அத்தான்?"

"அங்க ஓடப்போறது நம்ம மெஷின்தானே, மாப்ளே."

"நம்ம தெருவுல பஸ் ஓடுது. அதுக்காக அது நம்ம பஸ்ஸா?"

டேப் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. டேப்பை வெறுமனே மேசைமேல் அடுக்கி வைத்தால் ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. பெட்டியில் ஒட்டிக் காட்ட வேண்டும். அதற்கு மெஷின் வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன்பு, கையில் காசு புரண்ட காலத்தில், வைஸ் டேப்காரருக்கு ஒரு மெஷினைத் தாராளமாகக் கொடுத்து, "நம்ம பெயர்ப்பலகை தெரியற மாதிரி வச்சுக்கங்க, அது போதும்" என்று சொல்லியிருந்தார். அந்த மெஷின்தான் சி-17இல் ஓடும்.

"இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்க. ஸ்டால் எடுக்கல மேடம், பட்டறைக்கே வாங்கன்னு."

வைஸ் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். விற்காத ஆறு மெஷின்கள் துணி போர்த்தி வரிசையாக நின்றன. பார்த்தால் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது.

"இதையா காட்டச் சொல்றே?"

"ஓடற மெஷின்தானே அத்தான்? துணியை எடுத்தா ஓடப்போகுது."

வைஸ் போன் செய்யவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் மைத்துனனிடம் சொல்லவில்லை.

அந்தத் தொழிலில் ஸ்டால் எடுக்காதவன் கதை முடிந்தது என்று அர்த்தம். வேறு ஒன்றும் நிரூபிக்க வேண்டாம். கண்காட்சிக் கையேட்டில் பெயர் இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை. இது எழுதிவைத்த சட்டமல்ல. ஆனால் போன வருடம் இந்தச் சட்டத்தை ஹால் முழுக்க நடந்து அமல்படுத்தியவர் வைஸ்தான்.

போன வருடம் ஸ்டால் எடுக்காதவர் பசைக்காரர். டேப்புக்குப் பதிலாகச் சூடான பசை வைத்துப் பெட்டியை மூடும் மெஷின் செய்கிறவர். அவருடைய இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் வைஸ் துக்க வீட்டு முகம் ஒன்றை மாட்டிக்கொண்டு ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கினார். "பாவம், நல்ல மனுஷன். பட்டறையையே மூடிட்டாராம்." அந்த 'ராம்' மட்டும் அவருடைய சொந்தத் தயாரிப்பு. மூடிவிட்டதாக ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. பர்சேஸ் மேடம் அப்போது பசை மெஷின் இரண்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வைஸ் அவரிடமும் உச்சுக்கொட்டினார். அந்த இரண்டும் டேப் மெஷினாக மாறி வைஸின் பட்டறைக்கு வந்தன. அன்று இரவு அவர் நன்றாகவே தூங்கினார். அனுமானம் வேறு, பொய் வேறு என்று அவருக்கு ஒரு கொள்கை இருந்தது.

கண்காட்சிக்குள் நுழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். மைத்துனன் உட்கார்ந்து தட்டினான்.

"வருகையின் நோக்கம்னு கேக்குது அத்தான். நாலு இருக்கு. வாங்க, விற்க, வேலை தேட, மாணவர்."

"விற்கன்னு போடு."

"அதுக்கு ஸ்டால் நம்பர் கேக்குது."

வைஸ் மேஜையைப் பார்த்தார்.

"வேலை தேடன்னு போடட்டுமா?"

"வாயைக் கழுவுடா."

"அப்ப மாணவரா போயிடுங்க. தலைக்கு மை அடிச்சுட்டா யாரு கேக்கப்போறா?"

கடைசியில் 'வாங்க' என்று போட்டான். அதன் விளைவு இரண்டாம் நாள் காலை வாசலில் தெரிந்தது. ஸ்டால் எடுத்தவர்களுக்குச் சிவப்புக் கயிறு. வந்து பார்ப்பவர்களுக்குப் பச்சைக் கயிறு. பதினோரு வருடம் சிவப்புக் கயிறு உரசிய கழுத்தில் ஒரு பெண் பச்சைக் கயிற்றை மாட்டினாள். அதில் தொங்கிய அட்டையில், தூரத்திலிருந்தே படிக்கும்படி, 'வாங்குபவர்' என்று அச்சடித்திருந்தது.

வாசலுக்கு மேல் பெரிய துணிப் பதாகை: 'மந்தம் என்பது மனநிலையே!' அதை எழுதியவருக்கு மனநிலை நன்றாக இருந்திருக்க வேண்டும். கீழே ஹாலில் மூன்றில் ஒரு பங்கு காலி. காலி என்று தெரியக்கூடாதென்று அங்கங்கே பிளாஸ்டிக் செடிகளையும் சோபாக்களையும் போட்டு, 'ஓய்வுப் பகுதி' என்று பலகை வைத்திருந்தார்கள். இத்தனை ஓய்வு அந்தத் தொழிலுக்கு முன்னெப்போதும் கிடைத்ததில்லை. வைஸின் பழைய இடமான பி-4ம் ஓய்வுப் பகுதியாகியிருந்தது. அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி நின்றது. அவரைவிட நிமிர்ந்து நின்றது.

கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே நாலு அடி வைத்ததும் பேரிங் விற்பவர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் மோட்டார் விற்பவர். அதற்குப் பின்னால் பட்டறைக்குள் பாரம் தூக்கும் வண்டி விற்பவர். அந்த ஹாலில் எல்லோரும் விற்க வந்திருந்தார்கள்; 'வாங்குபவர்' என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு வந்த ஒரே முட்டாள் இவர்தான்போல.

"எத்தனை வண்டி தேவைப்படும் சார்?"

"பார்க்கலாம்" என்றார் வைஸ், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"அஞ்சு? ஆறு?"

"வேற கலர் இருக்கா?"

மைத்துனன் திரும்பி நின்று இருமினான். வைஸுக்கு உண்மையில் இது கொஞ்சம் பிடித்துப்போயிற்று. நாற்காலி போட்டார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். ஒரு ஸ்குரூ வாங்க வேண்டுமென்றால்கூட மூன்று நாள் யோசிக்கிற மனிதர், அரைமணி நேரத்தில் நாலு கம்பெனிகளுக்கு நம்பிக்கையூட்டினார். ஐந்தாவது ஸ்டாலில் இருந்தவர் மெலிந்த மனிதர். கைகளைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு நாள்ல நீங்கதான் சார் முதல் என்கொயரி" என்று சொல்லி, வைஸின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விசிட்டிங் கார்டைக் கொடுக்கும்போது அவர் குரல் லேசாக உடைந்தது. அதற்குப் பிறகு வைஸால் பிஸ்கட்டை விழுங்க முடியவில்லை. அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்தார். கயிறு முறுக்கிக்கொண்டு அட்டை பழையபடி திரும்பியது.

"இரண்டாம் வாசல் பக்கம் போலாம் அத்தான். அங்க டீ இருக்கு, ஸ்டால் இல்ல."

டீக்கடையோரம் உயரமான மேசைகள் போட்டிருந்தார்கள். ஒரு மேசையில் பச்சைக் கயிறோடு தனியாக நின்றிருந்தார் பசைக்காரர்.

வைஸ் வந்த வழியே நழுவிவிடப் பார்த்தார். முடியவில்லை.

"வைஸ் சார்! வாங்க வாங்க. நீங்களும் பச்சையா?"

"இந்த வருஷம் ஒரு மாறுதலுக்கு..." என்றார் வைஸ். "ஸ்டால்லயே நின்னுட்டு இருந்தா மார்க்கெட் புரிய மாட்டேங்குது. சுத்திப் பார்த்தாத்தான் ஒரு பார்வை கிடைக்குது. புது யுக்தி."

"அதேதான்" என்றார் பசைக்காரர், கேலியே இல்லாமல். "நானும் போன வருஷம் யுக்தின்னுதான் சொன்னேன். யாரும் நம்பல. கவலைப்படாதீங்க. முதல் வருஷம் உடம்பெல்லாம் கூசும். எல்லாரும் நம்மளையே பார்க்கற மாதிரி இருக்கும். ரெண்டாம் வருஷம்தான் தெரியும், ஒருத்தரும் பார்க்கல. நான் பாருங்க, செருப்பு போட்டுட்டு வந்துட்டேன். கோட்டு எதுக்கு இந்தப் புழுக்கத்துல?"

அவரே போய் இரண்டு டீ வாங்கிவந்து வைத்தார். வைஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் தன்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேலியாவது செய்திருக்கலாம். அவர் சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

இரண்டரை மணிக்கு சி-17.

டேப்காரர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று நாள் வேலைக்கு எடுத்த ஒரு பெண் சிரித்தபடி நின்றிருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வைஸுக்கு அதன் சத்தம் பெற்ற பிள்ளையின் குரல்போல இருந்தது. பெயர்ப்பலகை இருந்த இடத்தைத் தேடினார். அதன்மேல் அரைச் சாண் அகலத்துக்கு டேப் கம்பெனியின் ஸ்டிக்கர் பளபளத்தது.

பெண் அவருடைய நெஞ்சைப் படித்தாள். "வாங்க சார். எங்க டேப்போட சிறப்பைக் காட்டறேன். இந்த மெஷின் எங்க டேப்புக்காகவே வெளிநாட்டுல செஞ்சது."

"எந்த நாடு?" என்றான் மைத்துனன்.

"அது... ரெண்டு மூணு நாடு சேர்ந்து சார்."

"அந்த மேல இருக்கற நெம்புகோல் எதுக்கும்மா?"

"அது அலங்காரத்துக்கு சார்."

அந்த நெம்புகோலை இப்படி வைக்கலாமா அப்படி வைக்கலாமா என்று மைத்துனன் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் வைஸ் அவன் முழங்கையைப் பிடித்தார். மூன்று மணி வரைக்கும் எப்படியாவது இங்கே நிற்க வேண்டும். "ரொம்ப நல்லா விளக்கறே. மறுபடி ஒருதரம் சொல்லும்மா" என்றார். அவளும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். தன் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று வைஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்கும்போது அவருக்கே அது வெளிநாட்டு மெஷினோ என்று தோன்ற ஆரம்பித்தது.

சரியாக மூன்று மணிக்கு பர்சேஸ் மேடம் வந்தார். கக்கத்தில் ஒரு சிறிய அட்டைப்பெட்டி. எந்த வாக்குறுதியையும் கேட்டு நம்பாத பெண்மணி. தன்னுடைய பெட்டியைத் தானே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பவர்.

"என்ன சார், உங்க போர்டையே காணோம்?"

"இந்த வருஷம் டேப் கம்பெனியோட கூட்டா போட்டிருக்கோம் மேடம். மெஷினும் டேப்பும் ஒரே இடத்துல. கஸ்டமருக்கு வசதியா இருக்கட்டும்னு."

பெண்ணின் சிரிப்பு நின்றது. "சார், நீங்க நம்ம கம்பெனியா? சொல்லவே இல்லையே! நான் பாட்டுக்கு உங்களுக்கே விளக்கிட்டிருந்தேன்."

"உன்னைச் சோதிச்சேம்மா" என்றார் வைஸ். அது அவருக்கே பிடிக்காத குரலில் வந்தது.

மேடத்தின் பார்வை அட்டையில் இருந்த 'வாங்குபவர்' மேல் ஒரு நொடி நின்று நகர்ந்தது. பெட்டியை நீட்டினார். "இதை ஓட்டிக் காட்டுங்க."

பெட்டி உள்ளே போனது. பாதி தூரத்தில் மெஷின் ஒரு முனகல் முனகியது. டேப் சுருண்டு, பெட்டியின்மேல் ஒட்டாமல் உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பெட்டி திறந்த வாயோடு நடுவில் நின்றுவிட்டது. சாதாரண டேப்பைவிட அகலமான ரோலை மாட்டியிருந்தார்கள் என்று மைத்துனனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. மெஷினின் தப்பு இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அதை யாரிடம் சொல்வது? அவன் மெஷினை நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து உள்ளே நுழைந்தான்.

அப்போதுதான் டேப்காரர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், வாயில் இன்னும் பாதிச் சாப்பாடு.

"அட, வைஸ் சார்! கடவுள் மாதிரி வந்தீங்க. காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது. விசிட்டரா வந்த மனுஷனை வேலை வாங்கறானேன்னு நினைச்சுக்காதீங்க." பிறகு மேடத்தைப் பார்த்தார். "உங்க கஸ்டமரா? உட்காருங்க மேடம். பாவம், இந்த வருஷம் இவராலயும் ஸ்டால் எடுக்க முடியல. ஆனா நம்ம ஸ்டாலைத் தேடி வந்துட்டாரு பாருங்க. அதுதான் பழக்கம்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டுமென்றே செய்ய நினைத்தவர்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

வைஸுக்கு முதலில் காது சுட்டது. பிறகு கழுத்து. கோட்டுக்குள் வியர்வை முதுகுத்தண்டு வழியாக இறங்குவதை ஒவ்வொரு அங்குலமாக அவரால் உணர முடிந்தது. எதையாவது சொல்ல வேண்டும். யுக்தி என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். பெண் மேசைமேல் இருந்த டேப்புகளைத் தேவையில்லாமல் அடுக்கினாள். அவளுக்குக்கூட அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மேடம் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். கணக்கு எங்கே இடித்தது என்று தேடும் முகம்.

"வைஸ் சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"ஸ்டால் எடுக்கலன்னு சொன்னா நீங்க தப்பா நினைப்பீங்களோன்னுதான் மேடம்..."

"அது போகட்டும். ஸ்டால் எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். போன வருஷம் பசைக்காரர் பட்டறையை மூடிட்டாராம்னு என்கிட்ட சொன்னீங்களே. அது நிஜமா?"

மெஷினுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

இன்னும் ஒரே ஒரு பொய் போதும். 'ஆமா மேடம், அப்படித்தான் கேள்விப்பட்டேன்.' தப்பு அவரிடம் சொன்னவர்கள் தலையில் போய்விடும். நாலில் இரண்டு மெஷினாவது தேறலாம். அனுமானம், பொய் என்று அவர் வைத்திருந்த கொள்கை எல்லாம் இப்போது உதவிக்கு வந்திருக்க வேண்டும். மைத்துனனின் முகம் மெஷினுக்கு அடியிலிருந்து மேலே பார்த்தது. மூக்கில் கிரீஸ். அவனுக்கு இந்தக் கதை தெரியாது. போன வருடம் அந்த இரண்டு ஆர்டர் வந்தபோது, "மெஷின் பேசுது அத்தான், நம்ம மெஷின் பேசுது" என்று பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் அவன்.

"இல்ல மேடம்" என்றார் வைஸ். "அவரு ஸ்டால் எடுக்கல, அவ்வளவுதான். மூடிட்டாருன்னு நானா சொன்னது."

ஸ்பேனர் மறுபடி சத்தம் போடவில்லை.

"அவரு இங்க வந்திருக்காரா?"

"இரண்டாம் வாசல்ல இருக்காரு. காட்டறேன், வாங்க."

திறந்த வாயோடு நின்ற பெட்டியை உருவி எடுத்துக்கொண்டு மேடம் நடந்தார். அந்த ஹாலின் நீளம் எவ்வளவு என்று பதினோரு வருடத்தில் வைஸ் யோசித்ததே இல்லை. அன்று தெரிந்தது. வழியில் பாரம் தூக்கும் வண்டிக்காரர் கையை ஆட்டி, "மஞ்சள் கலர் இருக்கு சார்!" என்று கத்தினார்.

பசைக்காரர் இவர்களைப் பார்த்ததும் டீ கிளாஸை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம்! என்னை ஞாபகம் இருக்கா? வைஸ் சாரா கூட்டிட்டு வந்தாரு?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க மேடம். சொந்தக் கஸ்டமரை இன்னொருத்தன்கிட்ட கூட்டிட்டு வர இந்தக் காலத்துல யாருக்கு மனசு வரும்? அதான் அவரை வைஸ்ங்கறோம்."

"உங்க பட்டறை நடக்குதா சார்?" என்றார் மேடம்.

"எப்ப நின்னுச்சு மேடம்? சின்னதா நடக்குது. போன வருஷம் யாரோ மூடிட்டேன்னு கிளப்பி விட்டுட்டாங்க. ஒருத்தரு என் லேத் மெஷினை விலைக்குக் கேட்டு போன் பண்றாரு. நான் அந்த மெஷின்ல நின்னுதான் போனையே எடுக்கறேன்!" அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

மேடம் வைஸ் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

வைஸ் தொண்டையைச் செருமினார். சங்கக் கூட்டத்தில் பேசிய நாளில்கூட இவ்வளவு நேரம் செருமியதில்லை.

"மூடிட்டீங்கன்னு கிளப்பி விட்டது நான்தான்."

பசைக்காரர் புரியாமல் பார்த்தார். "உங்ககிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா சொன்னேன்."

"எத்தனை பேர்கிட்ட?"

"...ஹால் முழுக்க."

வைஸ் தயாராகத்தான் நின்றார். திட்டினால் என்ன சொல்வது, சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது என்றெல்லாம் நடந்து வரும்போதே யோசித்து வைத்திருந்தார். பசைக்காரர் சட்டையைப் பிடிக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் தம்பி இல்லையா?" என்றார்.

"தம்பியா?"

"அவனும் நானும் சேர்ந்து நடத்தினோம். கண்காட்சிக்கு ரெண்டு நாள் முன்னால சண்டை போட்டுட்டுப் போயிட்டான். உள்விஷயம் அவனைத் தவிர யாருக்குத் தெரியும்? அவன்தான் சொல்லியிருப்பான்னு வீட்டு வாசல்ல போய் நின்னு கத்தினேன். அவன் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னால. 'நான் சொல்லலண்ணா, நான் சொல்லலண்ணா'ன்னான். பொண்ணு கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். திருப்பி அனுப்பிட்டேன்."

அவர் வைஸைப் பார்க்கவேயில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஆனால் விரல் இரண்டு தடவை தப்பாக அழுத்தியது. காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் நடந்தார்.

"டேய், நான்தான்டா... வைக்காத. வைக்காத. ஒரு நிமிஷம் கேளு."

மேடம் பெட்டியை மேசைமேல் வைத்தார். "ரெண்டு பேரும் கொட்டேஷன் குடுங்க. பெட்டி அளவு இதுதான்." போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக 'வரேன் சார்' என்பார்.

வைஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் பார்த்தார். காலையில் சேர்ந்த விளம்பரத் தாள்களில் இரண்டைக் கிழித்து, பின்பக்கத்தில் அளவுகளை எழுதினார். ஒன்றைத் தன் பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றில் எண்கள் தெளிவாக இல்லையென்று தோன்றியது. அடித்துவிட்டு மறுபடி எழுதி, பசைக்காரரின் டீ கிளாஸுக்கு அடியில் சொருகினார்.

மைத்துனன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். சுவரோரம் பசைக்காரர் நெற்றியைச் சுவரில் வைத்தபடி பேசிக்கொண்டிருந்தார், இடையிடையே நிறுத்திக் கேட்டார், மறுபடி பேசினார்.

"அந்த ரெண்டு ஆர்டரும் இப்படித்தான் வந்துச்சா அத்தான்?" என்றான் கடைசியில்.

"ஆமா."

மைத்துனன் கிரீஸ் துணியை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"மெஷின் ஓடுது. ரோலை மாத்திட்டேன்" என்றான். "போலாமா?"

"நீ போ. நான் பின்னால வரேன்."

"இன்னும் எதுக்கு இங்க நிக்கறீங்க?"

வைஸ் சுவர்ப்பக்கம் பார்த்தார்.

"அவரு பேசி முடிக்கட்டும் மாப்ளே. என்னை இன்னும் திட்டல."